நிஜமாவே நல்லா இருந்துச்சா அந்த 1996?

அன்புள்ள சார்,

உங்க கட்டுரைகள்ல 1996 திரும்பத் திரும்ப வருது. திருவல்லிக்கேணி மேன்ஷன், ரூம்ல இருந்த அண்ணன், கன்னிமாரா லைப்ரரின்னு. எனக்கு இப்ப வயசு 24, வேளச்சேரில ஒரு பிஜில இருந்துக்கிட்டு வேலை தேடிட்டிருக்கேன், செலவுக்கு அம்மா ஜிபேல பணம் போடுறாங்க. இந்த வருஷத்தைப் பின்னாடி ஒருநாள் ஆசையா நினைப்பேன்னு எனக்குத் துளிகூட தோணல. உங்களுக்கு நிஜமாவே அந்த வருஷம் நல்லா இருந்துச்சா, இல்ல வயசானதால அப்படித் தெரியுதா? அந்த அண்ணன் இப்ப எங்க இருக்கார்?

ஒரு வாசகன், வேளச்சேரி

அன்புள்ள தம்பிக்கு,

நிஜமாவே நல்லா இருந்துச்சு. ஆனா தினமும் நல்லா இருந்துச்சுன்னு சொன்னா பொய்.

பொங்கல் முடிஞ்ச கையோட சாத்தூர் பக்கத்துலேர்ந்து ஒரு ட்ரங்க் பெட்டியோட எழும்பூர்ல வந்து இறங்கினேன், அப்ப அது மெட்ராஸ், அந்த வருஷமே சென்னைனு பேர் மாத்திட்டாங்க. ரூம்ல ரெண்டு கட்டில், மூணாவதா வந்த எனக்குப் பாய். ஒரு கட்டில் அந்த அண்ணனோடது, ராயப்பேட்டைல ஒரு பிரஸ்ல ப்ரூஃப் பாத்துட்டிருந்தார், ராத்திரி வரும்போது விரல்ல சிவப்பு மை ஒட்டியிருக்கும், சோப்பு போட்டாலும் போகாது.

நான் வந்தது குரூப் பரீட்சைக்குப் படிக்க. காலைல நடந்தே பாந்தியன் ரோடு போய் கன்னிமாரால உக்காந்துடுவேன், 1896 டிசம்பர்ல திறந்த லைப்ரரி அது, நான் போன வருஷம் அதுக்குச் சரியா நூறு வயசு. நாட்டுல அச்சாகுற ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒரு காப்பி அங்க வரணும்னு சட்டமே இருக்குன்னு அண்ணன்தான் சொன்னார், நான் திருத்துற புத்தகமும் அங்க வரும்டா தேடிப் பாருன்னு. தேடப்போனவன் நாவல் பக்கம் போயிட்டேன், பொது அறிவு புத்தகம் மேஜைமேல சும்மா திறந்து கிடக்கும். பரீட்சைல தேறல. இன்னிக்கு நான் எழுதுற ஒவ்வொரு வரிக்கும் விதை அந்த மேஜைல விழுந்ததுதான்.

மார்ச்ல உலகக் கோப்பை. பெங்களூர்ல பாகிஸ்தானோட கால் இறுதி, ஜடேஜா 25 பந்துல 45 அடிச்சாரே, அன்னிக்கு மேன்ஷன் ஆபீஸ் ரூம் டிவி முன்னாடி எழுபது எண்பது பேர், வெங்கடேஷ் பிரசாத் அமீர் சோஹைலோட ஸ்டம்பைச் சாய்ச்சப்போ யார் தோள்மேல யார் ஏறினாங்கன்னே தெரியாது. நாலே நாள்ல கல்கத்தால இலங்கையோட அரையிறுதி, ஒரு விக்கெட்டுக்கு 98னு இருந்தது எட்டு விக்கெட்டுக்கு 120 ஆச்சு, மாட்சையே நிறுத்திட்டாங்க. அன்னிக்கு ராத்திரி யாரும் சாப்பிடப் போகல. அண்ணன் வெளிய போய் பன்னும் வாழைப்பழமும் வாங்கிட்டு வந்து எழுப்பி எழுப்பிக் குடுத்தார்.

பணம் அம்மாகிட்டேர்ந்து மணியார்டர்ல வரும். ஃபாரத்துக்குக் கீழ கிழிச்சுக் குடுக்குற ஒரு துண்டு இருக்கும், சேதி எழுதுறதுக்கு, உள்ளங்கை அகலம்தான். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, பக்கத்து வீட்டுப் பொண்ணு எழுதித் தரும். நலம், நலமறிய ஆவல், நேரத்துக்குச் சாப்பிடவும். எல்லா மாசமும் இதே மூணு சேதிதான், ஜூலைல மட்டும் கீழ நெருக்கி நெருக்கிப் பொடி எழுத்துல, ஆடு வித்தாச்சு கவலை வேண்டாம்னு இருந்துச்சு. போஸ்ட்மேன் எதிர்லயே நின்னு அதைப் படிச்சேன். நான் ஆசையா நினைக்கிற அதே வருஷம்தான் அம்மா ஆட்டை வித்த வருஷமும், அதை எந்தக் கட்டுரைலயும் எழுதல, எழுதியிருக்கணும்.

அந்த மாசம் மெஸ்ஸுல பணம் கட்டல. எங்க மெஸ்ஸுல டோக்கன் புக் தருவாங்க, கலர் காகிதத்துல சின்னச் சின்னதா, சாப்பாட்டுக்கு ஒண்ணு கிழிச்சுக் குடுக்கணும். கேட்டா கடன் சொல்லலாம்தான், கூச்சமா இருந்துச்சு, மத்தியானம் லைப்ரரி குழாய்த் தண்ணியைக் குடிச்சிட்டு உக்காந்துடுவேன். நாலாவது நாள் புத்தகத்தைத் திறந்தா உள்ள ஒரு டோக்கன். ஓரத்துல லேசா சிவப்பு மை. மறுநாளும் ஒண்ணு. அவர் எதுவும் கேக்கல, நானும் எதுவும் சொல்லல, ஆகஸ்ட் முடியுறவரைக்கும் தினம் ஒண்ணு இருந்துச்சு. அவர் புக்குலேர்ந்து கிழிச்சதுதானே, அப்ப அவர் மத்தியானம் எங்க சாப்பிட்டார்னு யோசிக்கவே எனக்குப் பல வருஷம் ஆச்சு. சொந்தமில்ல, ஊர்க்காரர் இல்ல, எனக்குச் செய்யணும்னு அவருக்கு ஒரு கட்டாயமும் இல்ல. அந்த வருஷம் எனக்கு ஏன் அவ்வளவு பிடிக்கும்னா இதுதான் காரணம், வேற பெருசா ஒண்ணுமில்ல.

உங்களுக்கு இந்த வருஷம் எப்படித் தெரியும்னு என்னால சொல்ல முடியாது தம்பி. பிஜில கூட இருக்குறவங்களைப் பத்தி கடிதத்துல ஒரு வரி கூட இல்லையே, அடுத்த தடவை எழுதுங்க, தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு.

அண்ணன் திருப்பூர்ல மகள் வீட்டுல இருக்கார், கண்ணு முன்ன மாதிரி இல்ல, அதனால நேத்து உங்க கடிதத்தை ஃபோன்ல படிச்சுக் காட்டினேன். முழுசா கேட்டுட்டு, "அந்தப் பையன் மத்தியானம் சாப்பிடுறானான்னு கேளு"ன்னார்.

சாப்பிடுறீங்களா?