சிப்பிக்குள் ஈரம், ரெசினுக்குள் குமிழி

கேள்வி: தூத்துக்குடி கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, சோழி, கொஞ்சம் மணல் வைத்து டீ கோஸ்டர் செய்து விற்கலாம் என்று இணையத்தில் 2:1 எபாக்சி ரெசின் (ஹார்டனர் என்ற திரவத்தோடு கலந்து ஊற்றினால் கண்ணாடிபோல இறுகுவது) வாங்கினேன். நான்கு ஊற்றினேன். ஒரு வாரம் ஆகியும் இரண்டு கையில் பிசுபிசுவென ஒட்டுகின்றன, மற்ற இரண்டில் சிப்பியைச் சுற்றி நுரைபோலக் குமிழி. நான் கலந்தது சரியில்லை என்கிறார் விற்றவர். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? இனி எதை வாங்குவது?

பதில்: குமிழிக்கு விற்றவரைக் குறை சொல்ல முடியாது, அது உங்கள் சிப்பியிலிருந்து வந்தது. நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்து, நாலைந்து நாள் வெயிலில் காயவைத்தாலும் சுருள் சிப்பிக்குள் காற்று ஒளிந்திருக்கும். வாயை மேலே பார்க்க வைத்து உள்ளே கொஞ்சம் ரெசின் விட்டு, அது இறுகிய பிறகு அச்சில் வையுங்கள். மணலை ரவை வறுப்பதுபோல வாணலியில் வறுத்து ஆறவிட்டால் போதும்.

பிசுபிசுப்பு வேறு கதை. 2:1 என்றால் இரண்டு பங்கு ரெசினுக்கு ஒரு பங்கு ஹார்டனர், ஆனால் அது எடையிலா, மில்லி அளவிலா? ரெசின் கனம், ஹார்டனர் லேசு, அதனால் அளவுக் கணக்கில் போட வேண்டியதைத் தராசில் போட்டால் ஹார்டனர் கூடிப்போய் சரியாக இறுகாது. (நானும் முதல் தடவை சமையல் தராசை வைத்து அரை கிலோவைப் பாழாக்கியவன்தான்.) லேபிளில் தெளிவாகப் போட்டிருந்தும் மாற்றிக் கலந்திருந்தால் தவறு உங்களுடையது, போடவே இல்லை என்றால் அவருடையது. இப்போது செய்ய வேண்டியது இதுதான்: சிப்பி எதுவும் இல்லாமல் 30 மில்லி மட்டும், அவர்கள் சொன்னபடியே அளந்து, கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்து நன்றாகக் கலந்து ஊற்றுங்கள், அதை வீடியோவும் எடுங்கள். மூன்று நாளில் இறுகவில்லையா, சரக்கில்தான் கோளாறு. பில், லேபிள் படம், வீடியோவோடு பணத்தைக் கேளுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அடுத்த முறை மேல்பூச்சுக்கான ரெசின் வேண்டாம், அது கெட்டியானது, குமிழி மேலே வராது. வார்ப்புக்கு என்றே விற்கும் நீர்த்த ரகத்தை வாங்குங்கள், ஒரே தடவையில் எத்தனை மில்லிமீட்டர் ஊற்றலாம் என்பதையும் பாருங்கள். 10 செ.மீ. சதுரம், 1 செ.மீ. தடிமன் கோஸ்டருக்கு 100 மில்லி பிடிக்கும். விலையை அந்தக் கணக்கில் ஒப்பிடுங்கள், டப்பா விலையில் அல்ல. 'மஞ்சளாகவே ஆகாது' என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம், வெயில் பட்டால் எபாக்சி நாளடைவில் மஞ்சளிக்கும். மலிவான பாலியெஸ்டர் ரகம் வீட்டுக்குள் தாங்காத நாற்றம். எதுவானாலும் நைட்ரைல் கையுறை போடுங்கள், தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு போகாது.

இன்னொன்று, கரையில் கிடந்தாலும் பவளப்பாறைத் துண்டு, கடல்விசிறி, கடல்குதிரை எதையும் தொடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அவை வருகின்றன, செத்ததை விற்றாலும் குற்றம். சில சங்கு வகைகளும் அப்படியே, பெரிய சங்கு கிடைத்தால் வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், டீ கோஸ்டர் என்றா விற்கப்போகிறீர்கள்? சாதாரண எபாக்சியில் கொதிக்கிற டம்ளரை வைத்தால் வட்டமாகத் தடம் விழும். காகித எடை என்று விற்றால் புகார் வராது.