கேளுங்க, சொல்றோம்: ஹாலோவீன் ஸ்பெஷல்

சார், அக்டோபர் 31 ஹாலோவீன் ராத்திரி ஃப்ரெண்ட்ஸோட ஏற்காடுல ஒரு பழைய எஸ்டேட் பங்களால தங்கி பேய் வேட்டை பண்ணப் போறோம். கே2 மீட்டர், ஸ்பிரிட் பாக்ஸ் ரெண்டும் ஆன்லைன்ல வாங்கியாச்சு. மீட்டர்ல லைட் எரிஞ்சா பேய் இருக்குனு அர்த்தமா?
(காலேஜ் ஸ்டூடண்ட், அஸ்தம்பட்டி)

லைட் எரிஞ்சா கரண்ட் இருக்குனு அர்த்தம் தம்பி. அந்த மீட்டர் ஒயர்லயும் மெஷின்லயும் இருந்து வர்ற மின்காந்தப் புலத்த அளக்கறதுக்குன்னு செஞ்சது, பேய்க்காரங்க பின்னாடி வந்து எடுத்துக்கிட்டாங்க. பழைய பங்களா ஒயரிங் எப்படி இருக்கும்னு சொல்லவே வேணாம், சுவத்துக்குள்ள எந்த லைன் எங்க போகுதுன்னு ஓனருக்கே தெரியாது, இன்வெர்ட்டர் வேற ஒரு மூலைல ஓடிட்டிருக்கும், பத்தாததுக்கு உங்க ஒவ்வொருத்தன் பாக்கெட்லயும் ஒரு செல்போன். அதனால பகல்லயே போய் ரூம் ரூமா அளந்து நோட்ல எழுதுங்க. அப்புறம் மெயினையும் இன்வெர்ட்டரையும் ஆஃப் பண்ணி, போனையெல்லாம் காருக்குள்ள போட்டுட்டு மறுபடி அளங்க. அதுக்கப்புறமும் எரிஞ்சா எனக்கு எழுதுங்க, கண்டிப்பா போடறேன்.

ஸ்பிரிட் பாக்ஸ் வெறும் ரேடியோ, எந்த ஸ்டேஷன்லயும் நிக்காம கடகடன்னு தாண்டிட்டே போற ரேடியோ. துண்டு துண்டா விழுற சத்தத்துல மூளை தனக்கு வேணுங்கற வார்த்தைய கோத்துக்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், கீழ சேலத்துல எடுக்காத எஃப்எம் கூட மேல எடுக்கும், அதனால உங்க பேய்க்கு ரெண்டு மூணு பாஷை தெரிஞ்சாலும் ஆச்சரியப்படாதீங்க. ஒண்ணு பண்ணுங்க: நீங்க என்ன கேள்வி கேட்டீங்கன்னே தெரியாத ஒருத்தன் காதுல ஹெட்போன மாட்டி, கேட்டத எழுதச் சொல்லுங்க. நீங்க கேட்டதுக்கும் அவன் எழுதினதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு காலைல பாருங்க.

போட்டோல வெள்ளை வெள்ளையா உருண்டை விழும், அத ஆவின்னு போட்றாதீங்க. அக்டோபர் கடைசின்னா வடகிழக்குப் பருவமழை நேரம், மூடுபனி ஜன்னல் வழியா உள்ளயே வரும், லென்ஸ் பக்கத்துல இருக்கற நீர்த்துளில ஃபிளாஷ் பட்டா அப்படித்தான் விழும். மச்சு மேல யாரோ நடக்கற சத்தம் கேட்டா பெரும்பாலும் மரநாய். காபிப் பழம் பழுக்க ஆரம்பிச்சா அதுக்கு எஸ்டேட்தான் சொந்த வீடு.

நான் நிஜமா பயப்படறது வேற ஒண்ணுக்கு. குளுருதுன்னு பார்பிக்யூ கரி அடுப்ப ரூமுக்குள்ள வச்சுட்டு கதவ சாத்திட்டு படுத்துடாதீங்க. கரி எரியறப்ப வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷவாயுவுக்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது. அமெரிக்கால ஒரு குடும்பம், வீட்டுல காலடிச் சத்தம், கருப்பு டிரெஸ்ல ஒரு பொம்பள, பசங்க வெளுத்துப் போறது, செடியெல்லாம் வாடறதுன்னு அவதிப்பட்டிருக்கு. கடைசில பாத்தா வீட்ட சூடாக்கற ஃபர்னஸ் பழுதாகி புகை வெளிய போகாம வீட்டுக்குள்ளயே இறங்கிட்டிருந்துச்சு. வில்மர்னு ஒரு கண் டாக்டர் 1921ல இத மெடிக்கல் ஜர்னல்லயே எழுதினாரு. உங்க லிஸ்ட்ல ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் சேத்துக்கங்க, அந்த ஸ்பிரிட் பாக்ஸ விட அதுக்கு வேலை ஜாஸ்தி. ஓனர்கிட்ட பர்மிஷன், வாட்ச்மேன்கிட்ட தகவல், இது ரெண்டும் இல்லாம உள்ள போகாதீங்க. ராத்திரில தோட்டத்துக்குள்ளயும் இறங்க வேணாம், காட்டெருமை நிக்கும், அதுக்கு மீட்டரெல்லாம் தேவையில்ல, நேராவே தெரியும்.

பேய் ஆராய்ச்சின்னு படிச்சவங்க யாராச்சும் ஒழுங்கா பண்ணிருக்காங்களா, இல்ல எல்லாம் யூடியூப் டிராமாவா?
(சூரமங்கலம் வாசகர்)

பண்ணிருக்காங்க. லண்டன்ல 1882லயே இதுக்குன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. ஹாரி பிரைஸ்னு ஒருத்தர் 1937ல போர்லி ரெக்டரிங்கற பாதிரியார் பங்களாவ ஒரு வருஷத்துக்கு வாடகைக்கே எடுத்து, டைம்ஸ் பேப்பர்ல விளம்பரம் குடுத்து ஆள் சேத்து உக்கார வச்சாரு. ஐடியா நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அவர் செத்தப்புறம் அதே சங்கத்துக்காரங்க கேஸ தோண்டித் துருவிப் பாத்து, ஆதாரம் எதுவும் நிக்கற மாதிரி இல்ல, இவரே கூட கைவரிசை காட்டிருப்பாரோன்னு எழுதிட்டாங்க.

எனக்குப் புடிச்சது விக் டாண்டி கதை. கவென்ட்ரில ஒரு லேப்ல வேலை பாத்த இன்ஜினியர். ராத்திரி தனியா இருக்கறப்ப உடம்பு சில்லுன்னு ஆகுது, ஓரக்கண்ணுல சாம்பல் கலர்ல என்னமோ தெரியுது, திரும்பினா காணோம். நம்மளா இருந்தா அடுத்த நாளே லீவு. இவரு மறுநாள் வாள்சண்டை விளையாட்டுக்கான கத்திய இறுக்கிப் பிடிக்கற வைஸ்ல மாட்டி வச்சிருக்காரு, அது தானா ஆடுது, ஏன் ஆடுதுன்னு தேடிப் போனா புதுசா மாட்டின ஃபேன் காதுக்கே கேக்காத 19 ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 19 தடவை, அதிர்வு குடுத்துட்டிருக்கு. 1998ல கட்டுரையா போட்டாரு. அந்த அதிர்வுதான் பேயா தெரிஞ்சுதுன்னு அவர் சொன்னத எல்லாரும் ஒத்துக்கல, ஆனா பயந்தவன் ஸ்குரூ டிரைவர் எடுத்தான் பாருங்க, அதுக்குப் பேருதான் ஆராய்ச்சி.

ஹாஸ்டல்ல இருக்கற என் பையனுக்கு ராத்திரி முழிப்பு வந்தா கை கால் அசைய மாட்டேங்குதாம், நெஞ்சு மேல யாரோ உக்காந்து அமுக்கற மாதிரி இருக்காம். முனியப்பன் கோயில்ல கயிறு கட்டிட்டோம். போதுமா?
(ஒரு அம்மா, ஃபேர்லேண்ட்ஸ்)

கயிறு பாட்டுக்கு இருக்கட்டும்மா, அவனுக்கு தைரியம். இதுக்குப் பேரு ஸ்லீப் பராலிசிஸ். கனவு காணறப்ப நாம எந்திரிச்சு ஓடிடக் கூடாதுன்னு மூளை உடம்ப கட்டிப் போட்டு வைக்கும், சில நேரம் கட்டு அவுறறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடும், கனவும் பாதி ஓடிட்டிருக்கும், அதான் ஆள் தெரியுது. ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தானா சரியாயிடும். தூக்கம் கெட்டா, மல்லாக்க படுத்தா ஜாஸ்தி வரும். எக்ஸாம் டைம்ல போன நோண்டிட்டு மூணு மணிக்குப் படுக்கறானான்னு மொதல்ல கேளுங்க. அடிக்கடி வந்தாலோ, பகல்ல கிளாஸ்ல அடக்க முடியாம தூங்கி விழுந்தாலோ நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

ஹாலோவீன்லாம் நமக்கு எதுக்கு சார்?
(சேலம் குகை ஏரியா வாசகர்)

அயர்லாந்து பக்கம் அறுவடை முடிஞ்சு குளிர்காலம் தொடங்கற சமயத்துல கொண்டாடின பழைய பண்டிகையோட ஒட்டி வந்தது, நவம்பர் 1 சகல புனிதர் திருநாள், அதுக்கு முந்தின ராத்திரி இது. நவம்பர் 2 நம்ம ஊரு கல்லறைத் திருநாள், அது உங்களுக்கே தெரியும். ஹாலோவீனுக்கு வேஷம் போடறது எதுக்குன்னு குகைக்காரரே கேக்கலாமா? ஆடில மாரியம்மன் திருவிழா வண்டி வேடிக்கைக்கும் மாசில மயானக்கொள்ளைக்கும் போடறது என்னவாம்?

ஏற்காடுல சின்னதா ஹோம்ஸ்டே வச்சிருக்கோம். யாரோ பசங்க "பேய் பங்களா"ன்னு எங்க வீட்ட வீடியோ போட்டுட்டாங்க, ஃபேமிலி யாரும் வர மாட்டேங்கறாங்க.
(பெயர் வேண்டாம்)

இதுதாங்க எனக்கு எரிச்சல். ஒரு ராத்திரி வியூஸுக்காக அடுத்தவன் பொழப்புல மண்ணப் போடறது. வீடியோவ ஸ்கிரீன் ரெக்கார்ட் எடுத்து வச்சுட்டு, நீக்கச் சொல்லி எழுத்துல கேளுங்க, நீக்கலன்னா ரிப்போர்ட் அடிங்க, பர்மிஷன் இல்லாம உள்ள வந்து எடுத்திருந்தா ஸ்டேஷன்ல மனு குடுங்க. கூடவே தங்கிட்டுப் போன ஃபேமிலிகள்ட்ட ரெண்டு வரி ரிவ்யூ போடச் சொல்லுங்க, காபிப் பூ பூத்திருக்கறப்ப நீங்களே ஒரு வீடியோ எடுத்து வீட்டுப் பேரோட போடுங்க. தேடறவங்களுக்கு அது மொதல்ல வர ஆரம்பிச்சுட்டா அந்தப் பேய் வீடியோ கீழ போயிடும்.