காசு கைக்கு வரும்வரை பேஸ் கிற்றார் வீட்டை விட்டுப் போகக்கூடாது

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறோம். என் சித்தப்பா எண்பதுகளில் இருந்து கலியாண வீடுகளிலும் ஹோட்டல்களிலும் பேஸ் கிற்றார் வாசித்தவர். இப்போது பிள்ளைகளோடு கனடாவில் இருக்கிறார். "நான் இனி வாசிக்கப் போறதில்லை, வித்துப்போட்டு அம்மாவின்ர மருந்துச் செலவுக்கு வைச்சுக்கொள்" என்று சொல்லிவிட்டார். யமஹா பிபி5000, ஐந்து தந்தி. சில வருடமாகப் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. ஒரு கடையில் 60,000 ரூபாய் தருகிறோம் என்றார்கள். இன்னொருவர், "என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள், பெயின்ட் அடித்து, புது பிக்கப் போட்டு, இரண்டு லட்சத்துக்கு விற்றுத் தருகிறேன்" என்கிறார். எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. வாசிக்கிறவர்களுக்கே நேரடியாக விற்கலாமா? என்ன விலை சொல்வது? வெளிநாட்டுக்கு அனுப்பினால் கூடக் கிடைக்குமா?

பதில்: முதலில் அந்த இரண்டாவது ஆளுக்கு "வேண்டாம், நன்றி" என்று ஒரு மெசேஜ் போட்டுவிட்டு வாருங்கள். மீதியைப் பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம்.

கிற்றார் திருத்துகிற என் மேசைக்கு இந்தக் கதை அடிக்கடி வருகிறது. அநேகமாக எல்லாம் முடிந்த பிறகுதான் வருகிறது. நல்ல பழைய கருவி ஒன்று தரகரிடம் போகும். "ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று மாதக்கணக்கில் பதில் வரும். அந்த மாதங்களில் அது சும்மா இருக்காது. சனி ஞாயிறில் யாரோ ஒருவரின் தோளில் ஏறி, ஷோவுக்கு இவ்வளவு என்று தரகருக்கு வாடகை உழைத்துக்கொண்டிருக்கும். கேட்டால் "ட்ரயல் பார்க்கக் கொடுத்தேன்" என்பார். பிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) தேய்ந்து, முதுகில் பெல்ட் பக்கிள் கீறல் விழுந்த பிறகு, "இந்த நிலையில் இதற்கு மேல் வராது" என்று ஒரு தொகையைச் சொல்வார். கமிஷனும் அதிலிருந்துதான்.

அதைவிட மோசமானது அந்தப் 'புது பிக்கப்' கதை. பிக்கப் என்பது தந்தியின் அதிர்வைப் பிடித்து அம்புக்கு அனுப்பும் காந்தத் துண்டு. உங்கள் பேஸில் இருக்கும் பழைய ஜப்பான் பிக்கப்புகளுக்குத் தனியாகவே ஆள் இருக்கிறது. புதியது போட்டுத் தருகிறேன் என்று சொல்லிப் பழையதைக் கழற்றி வைத்துக்கொண்டால், அவருக்கு இரண்டு வியாபாரம். உங்களுக்கு மிஞ்சுவது பாதி யமஹா. பெயின்ட்டும் அப்படித்தான். பழைய கருவியில் சொந்த நிறம், கீறலோடு, மங்கலோடு இருந்தால்தான் வாங்குகிறவர் நம்புவார். மேலே புதிதாக அடித்திருந்தால், "கீழே என்ன வெடிப்பை மறைத்திருக்கிறார்கள்?" என்பதுதான் வாசிக்கிறவருக்கு முதலில் வரும் கேள்வி. நியாயமான கேள்வி.

கடைக்காரரை நான் அவ்வளவு குறை சொல்ல மாட்டேன். அவருக்கு வாடகை, கரண்ட் பில் எல்லாம் உண்டு. ஆள் வரும்வரை வைத்திருக்கவும் வேண்டும். ஆனால் 60,000 என்பதை விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காலி வீதியில் இரண்டு கடைக்குப் போய், புதிய ஐந்து தந்தி பேஸ் ஒன்று என்ன விலை என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு வந்த விலைகளைக் கேட்டால், அந்த 60,000இன் பொருள் தானாக விளங்கும்.

உங்களிடம் இருப்பது என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். யாராவது 'எண்பதுகள் எல்லாம் வின்டேஜ் இல்லை' என்று விலையைக் குறைக்கப் பார்ப்பார். ஐந்து தந்தி பேஸ் என்பதே அவ்வளவு பழைய சாதி இல்லை. பெண்டர் 1965இல் ஐந்து தந்தியோடு ஒன்றை விட்டது உண்மை. ஆனால் அதில் கூடுதல் தந்தி மேல் பக்கத்துக் கீச்சுத் தந்தி, பிரெட்டும் 15தான். அது எடுபடவில்லை. இன்று எல்லாரும் கேட்கிற, அடியில் 'பி' (B) என்ற மிகத் தாழ்ந்த சுரத் தந்தி உள்ள ஐந்து தந்தியை எழுபதுகளின் நடுவில் அமெரிக்காவில் அலெம்பிக் போன்றவர்கள் ஆர்டருக்குத்தான் செய்தார்கள். மியூசிக் மேன் ஸ்டிங்ரே 5 வந்தது 1987இல். யமஹா பிபி5000 அதற்கும் முந்தியது, 1984. இந்த வகையில் எண்பதுகளை விடப் பழையதைத் தேடினால் கைவிரலால் எண்ணிவிடலாம்.

கொழும்பில் இதை வாங்க ஆள் உண்டா என்றால், நிச்சயமாக உண்டு. கலியாண ஷோவில் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டியிருந்தால் கீபோர்ட்காரர் பட்டனை அமத்தி ஒரு சுதி, இரண்டு சுதி இறக்கிவிடுவார். நாலு தந்தி பேஸ்காரர் தன் மிகத் தாழ்ந்த தந்தியான 'ஈ'க்குக் (E) கீழே போக வழியில்லாமல் மேலே ஏறி வாசிப்பார். ஐந்தாவது தந்தி உள்ளவருக்கு அந்தத் தொல்லை இல்லை. பைலா மெட்லியில் அடி கனமாக விழவேண்டும் என்பவர்கள், கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டிப் பக்கத்துத் தேவாலய இசைக்குழுப் பொடியன்கள் எல்லாருமே தேடுகிறது ஐந்து தந்திதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விற்பதற்கு முன் இந்தப் பேஸில் ஒரு சதமும் செலவழிக்காதீர்கள். பொலிஷ் வேண்டாம், பெயின்ட் வேண்டாம், துரு எடுக்கிறேன் என்று எதையும் விசிறவும் வேண்டாம். வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு ஸ்க்ரூ துருப்பிடிப்பது வாங்குகிறவருக்கும் தெரியும்.

ஒன்றே ஒன்றைத் தவிர. தந்திகள். இதில் நான் பிடிவாதக்காரன். பெட்டிக்குள் வருடக்கணக்கில் கிடந்த 'பி' தந்தி செத்துப் போயிருக்கும். அது எழுப்பவேண்டிய சத்தம் வினாடிக்கு ஏறத்தாழ 31 அதிர்வு. நாலு தந்தியின் 'ஈ'யே 41தான். அவ்வளவு தாழ்ந்த சத்தத்தைத் துருப்பிடித்த தந்தி 'டொக்' என்று மட்டும்தான் சொல்லும். வாசித்துப் பார்க்கிறவர் தந்தியைக் குறை சொல்ல மாட்டார், "பி சரியில்லை, நெக்கில் (கழுத்தில்) ஏதோ பிழை" என்பார். அங்கேயே உங்கள் விலை இறங்கிவிடும். பலருக்குத் தங்கள் பேஸின் ஐந்தாவது தந்தி உண்மையில் எப்படிக் கேட்கும் என்றே தெரியாது. பழைய தந்தியிலேயே காலத்தை ஓட்டுகிறார்கள். ஆகவே ஒரு நல்ல ஐந்து தந்தி செட் வாங்குங்கள், தந்தியின் தடிப்பு (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) 45இல் தொடங்கி 130இல் முடிகிற சாதாரண அளவு போதும். நாலு தந்தி செட்டையும் தனி 'பி' ஒன்றையும் ஒட்டுப்போட்டு விற்கப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். மாட்டத் தெரிந்த ஒருவரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஐந்தையும் ஒரேயடியாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றச் சொல்லுங்கள், நெக்கின் இழுவை திடீரென்று விடுபடக்கூடாது. தடித்த தந்தியை வெட்டுவதற்கு முன் முறுக்காணியைத் தாண்டிக் கொஞ்சம் விட்டு, மடித்த பிறகு வெட்டவேண்டும். மடிக்காமல் வெட்டினால் சுற்று உள்ளே வழுகித் தந்தி மறுபடி செத்துவிடும். மாட்டிய மறுநாள் திரும்பச் சுதி சேர்க்கவும் வேண்டும். பழைய தந்திகளையும் எறியாமல் பெட்டிக்குள் போட்டு வையுங்கள்.

அதே ஆள் வந்திருக்கும்போது நெக்கையும் பார்த்துவிடலாம். உங்கள் பேஸில் நெக் மரம் உடம்புக்குள்ளால் அடிவரை ஒரே துண்டாக ஓடுகிறது. சத்தம் நீண்டு நிற்பதற்கு அது நல்லது. ஆனால் வளைந்துவிட்டால் ஸ்க்ரூவைக் கழற்றி வேறு நெக் மாட்ட முடியாது. அதனால் வாங்குகிறவர் முதலில் பார்ப்பதும் இதைத்தான். தந்திகளைச் சுதி சேர்த்தபின், 'பி' தந்தியை முதலாவது பிரெட்டில் ஒரு கையாலும், நெக் உடம்போடு சேரும் இடத்தில் மற்றக் கையாலும் அமத்திப் பிடியுங்கள். நடுவில், எட்டாவது பிரெட்டுக்குக் கிட்ட, தந்திக்கும் பிரெட்டுக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்ட் நுழைகிற இடைவெளி இருந்தால் நல்லது. மூன்று நாலு கார்ட் நுழைந்தால் நெக் முன்னுக்கு வளைந்திருக்கிறது. அப்படியானால் அதைச் சரிசெய்யப் போகாதீர்கள். நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி, ட்ரஸ் றொட், துருவேறி இறுகியிருக்கலாம், தெரியாத ஆள் சாவியைப் போட்டு முறுக்கினால் முறியும். உள்ளதை உள்ளபடி சொல்லி விற்பது அதைவிட லாபம்.

இன்னொரு வேலை. பின்பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் வயர்களையும் வொல்யூம் பொட்டுகளையும் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகிகள்) நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். வயர்களை ஒட்டிய பழைய ஈயம் சாம்பல் பூத்து மங்கலாய் இருக்கும், அண்மையில் தொட்டிருந்தால் பளபளக்கும். ஒன்றும் மாற்றப்படவில்லை என்பதற்கு வாங்குகிறவருக்கு அதுதான் சாட்சி. நாளைக்கு யாராவது எதையாவது கழற்றினால் உங்களுக்கும் அதுதான் சாட்சி. வரிசை இலக்கத்தையும் தெளிவாக எடுங்கள். ஆனால் விளம்பரத்தில் கடைசி இரண்டு எழுத்தை மறைத்துப் போடுங்கள். அடுத்தவன் பேஸின் படத்தைத் தன்னுடையது என்று போட்டு முற்பணம் வாங்குகிறவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

விலைக்கு வருகிறேன். வெளிநாட்டுத் தளங்களில் போட்டிருக்கும் விலை, போட்டவரின் ஆசை. அதைப் பார்த்துக் கனவு காணாதீர்கள். 'விற்றுப்போனவை' என்ற பகுதியை மட்டும் பாருங்கள். இதே மாடல், இதே மாதிரி நிலையில் எவ்வளவுக்குப் போயிருக்கிறது என்று தெரியும். அதைக் கொழும்புக்குக் கொண்டுவர ஒருவர் கப்பல் கூலியும் சுங்க வரியும் கட்டவேண்டும், கண்ணால் பார்க்காமலும் வாங்கவேண்டும். உங்கள் வீட்டில் வந்து வாசித்துப் பார்க்கிறவருக்கு அந்தச் செலவும் பயமும் இல்லை. ஆகவே விற்றுப்போன விலையை ரூபாயில் மாற்றி, அதையே கேளுங்கள். பேரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு மனதுக்குள் வைத்திருங்கள். அதற்குக் கீழே இறங்க அவசரமில்லை. மருந்துச் செலவு நாளைக்கே வேண்டும் என்றால் வேறு கதை. ஆனால் அதை வாங்க வருகிறவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஆளைத் தேட முதலில் சித்தப்பாவையே பிடியுங்கள். பழைய கூட்டாளிகள் இரண்டு பேருக்கு அவர் வட்ஸ்அப்பில் ஒரு குரல் அனுப்பினால் போதும். பேஸ் வாசிக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் அறிவார்கள், செய்தி தெகிவளை தாண்டி நீர்கொழும்பு வரை தானாகப் போகும். அப்புறம் பேஸ்புக் குழுக்கள், இக்மான் விளம்பரத் தளம். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கூடப் போடுங்கள், தமிழில் மட்டும் போட்டால் பாதிப் பேருக்குத் தெரியாமலே போய்விடும். நீட்டி முழக்கவேண்டாம். இப்படி எழுதினால் போதும்: "யமஹா பிபி5000, ஐந்து தந்தி, ஜப்பான் தயாரிப்பு. ஒரே உரிமையாளர். எதுவும் மாற்றப்படவில்லை. முதுகில் கீறல் உண்டு, பிரிட்ஜில் துரு உண்டு. தந்தி புதிது. வெள்ளவத்தையில் வந்து வாசித்துப் பார்க்கலாம். தரகர்கள் வேண்டாம்." கடைசி வரியைப் போட்டாலும் தரகர்கள் எடுப்பார்கள். "எனக்குத்தான்" என்பார்கள். "எந்தக் குழுவில் வாசிக்கிறீர்கள்?" என்று கேளுங்கள், தடுமாறுவார்கள்.

போனில் வீடியோ எடுத்து அனுப்பு என்று கேட்டால் அனுப்பலாம். ஆனால் போன் ஸ்பீக்கரில் 'பி' தந்தியின் அடிச்சத்தம் வராது, அதை வைத்துப் பேரம் பேச விடாதீர்கள். சின்ன பேஸ் அம்ப் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி வீட்டில் வையுங்கள். பகல் நேரத்தில், வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது வரச்சொல்லுங்கள். நல்ல வாசிப்பாளர் அரை மணி எடுத்துத் தடவிப் பார்ப்பார், விடுங்கள். 'ரிகர்சலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்' என்றால் மட்டும் இல்லை. பார்க்கத்தான் வேண்டும் என்றால் நீங்களும் கூடப் போங்கள்.

காசு வாங்கும் இடத்தில் கவனம். சிலிப்பின் படத்தைக் காட்டி "போட்டுவிட்டேன்" என்றால் அதைக் காசாக எண்ணாதீர்கள். அந்தப் படத்தை யாரும் போனிலேயே செய்யலாம். உங்கள் வங்கிச் செயலியில் மீதி ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். வங்கிக்கு வங்கி உடனே பணம் அனுப்பும் சீஃப்ட்ஸ் முறையில் அனுப்பினால் சில நிமிடத்தில் வந்துவிடும். "வங்கி பிஸி, நாளைக்கு ஏறும்" என்றால் பேஸையும் நாளைக்கே கொடுக்கலாம்.

வெளிநாட்டுக் கதையை நான் ஊக்கப்படுத்த மாட்டேன். 2017 ஜனவரியில் கிற்றார்களில் அதிகம் பயன்படும் ரோஸ்வுட் மரவகை முழுவதையும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபார ஒப்பந்தம்) கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். உலகம் முழுக்க கிற்றார்காரர்கள் தலையில் கைவைத்தார்கள். 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள், பிரேசில் ரோஸ்வுட்டை மட்டும் விடவில்லை. எண்பதுகளின் ஜப்பான் பேஸ் ஒன்றுக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. ஆனால் இதை ஓர் அலுவலகத்தில் விளக்கப் போய்ப் பாருங்கள். இந்த மேசையில் அந்த மேசை என்பார்கள், அந்த மேசையில் "மரத்தின் பெயரை யாரிடமாவது எழுதி வாங்கி வாருங்கள்" என்பார்கள், எழுதிக் கொடுத்தால் "நீங்கள் யார்?" என்பார்கள். கூரியர்காரர் கேட்கும் கூலியையும், வழியில் நெக் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் சேர்த்தால், கூடக் கிடைப்பதாக நினைத்த காசு அதிலேயே போய்விடும்.

விற்ற அன்றைக்கு இரண்டு பிரதியில் ஒரு பற்றுச்சீட்டு எழுதுங்கள். மாடல், வரிசை இலக்கம், தொகை, திகதி, வாங்கியவரின் அடையாள அட்டை இலக்கம், "பார்த்து வாசித்து வாங்கினேன்" என்று ஒரு வரி, இரண்டு பேரின் கையொப்பம். பெட்டி, பழைய தந்தி, சாவி எல்லாம் பேஸோடு போகட்டும். சித்தப்பா மேடையில் இதோடு நிற்கிற பழைய படம் ஏதாவது இருந்தால் அதில் ஒரு பிரதியும் கொடுங்கள். ஒரே உரிமையாளர் என்பதற்கு அதைவிட நல்ல கடதாசி உங்களிடம் இருக்காது.