யார் சொன்னது? – கடிதம்

அன்புள்ள சார்,

அயர்லாந்தின் மேற்கே மேயோ கவுண்ட்டியில் 8 வருடமாக இருக்கிறேன். இங்கே ஊர் வரலாற்றுக் குழு ஒன்று செவ்வாய்க்கிழமைகளில் கூடுகிறது. எல்லோரும் 70 தாண்டியவர்கள். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பதால் பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்யச் சொன்னார்கள். 400 படம் இருக்கும். ஆறு வாரத்தில் 30கூட முடியவில்லை. 88 வயதுத் தாத்தா ஒருவர் ஒவ்வொரு படத்தையும் கையில் வாங்கிக்கொண்டு ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிடுகிறார். யார் வீட்டுப் பசு யார் வயலில் மேய்ந்தது என்கிற மாதிரிக் கதைகள். இதிலிருந்து உண்மையான வரலாற்றை எப்படிப் பிரிப்பது? எந்த அளவு தெளிவில் ஸ்கேன் செய்ய வேண்டும்? வெளியூர்க்காரியான நான் இதில் இறங்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். 1838-இல் மேயோவுக்கு வந்து இடப்பெயர்களை விசாரித்து எழுதிய ஜான் ஓ'டோனவன் கில்கெனிக்காரர். நில அளவைத் துறை அனுப்பிய ஆள். அவர் அங்கிருந்து எழுதிய கடிதங்களைத்தான் அந்த ஊர்க்காரர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். சரி, அது முடிந்தது.

'உண்மையான வரலாறு' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் தாத்தா பேசுவது பின்னே என்ன, பொய் வரலாறா? 1922-இல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது டப்ளினில் ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு மக்கள்தொகைக் கணக்குகளின் வீட்டுவாரித் தாள்கள் ஏறக்குறைய முழுக்கப் போயின. மேயோவில் 1841-இல் 3,88,887 பேர். பஞ்சம் வந்தபிறகு, 1851-இல், 2,74,499 பேர். இந்த எண்கள் அச்சில் ஏறியிருந்ததால் தப்பின. செத்தும் கப்பலேறியும் போன அந்த ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் எந்தெந்த வீட்டில் இருந்தார்கள் என்று கேட்டால் எடுத்துக் காட்டக் கணக்குத்தாள் இல்லை.

அதே நாட்டில் 1937-இல் ஓர் அருமையான காரியம் செய்தார்கள். மேல்வகுப்புத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் வாராந்தரக் கட்டுரைக்குப் பதிலாக, வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். கை வைத்தியம், புனிதக் கிணறு, வெண்ணெய் கடைவது, பஞ்ச காலம், பேய் எல்லாம் உண்டு. 1939 வரை 26 கவுண்ட்டிகளில் சுமார் 5,000 பள்ளிகள், 50,000-க்கு மேல் பிள்ளைகள். இப்போது இணையத்தில் கிடைக்கிறது, உங்கள் ஊர்ப் பள்ளி இருக்கிறதா பாருங்கள். அதிலும் பசு மேய்ந்த கதைதான். ஆனால் பல பக்கங்களின் அடியில் எழுதிய பிள்ளையின் பெயர், சொன்னவர் பெயர், வயது, ஊர் என்று இருக்கும். 'சொன்னவர்: என் பாட்டி, வயது 76.' அந்த வரி இருப்பதால்தான், ஒரே சம்பவத்தை இரண்டு பேர் மாற்றிச் சொன்னால், யார் பக்கத்தில் இருந்து பார்த்தார், யார் கேள்விப்பட்டார் என்று நாம் கணக்குப் போட முடிகிறது. அந்த வரி இல்லாவிட்டால் அது எந்த ஊர்க் கதையாகவும் இருக்கலாம். சொன்னவர் பெயர், வயது, ஊர். திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

மேயோவின் வடகரைக்கு நானும் ஒருமுறை வந்திருக்கிறேன், கேஜ ஃபீல்ட்ஸ் என்கிற, சதுப்புக்கு அடியில் புதைந்த கற்கால வயல்களைப் பார்க்க. 1930-களில் பெல்டெரிக் பள்ளி ஆசிரியர் பாட்ரிக் கால்ஃபீல்ட், அடுப்பெரிக்க டர்ஃப் என்கிற சதுப்பு மண்ணை வெட்டும் இடத்தில் அடியில் கற்கள் வரிசையாகக் கிடப்பதைக் கவனித்தார். சதுப்புக்குக் கீழே கல் என்றால் சதுப்பு உண்டாவதற்கு முன்னால் யாரோ அடுக்கியது. அவர் மகன் ஷேமஸ் பிறகு தொல்லியல் படித்து, நீளமான இரும்புக் கம்பியைச் சதுப்பில் குத்திக் குத்தியே புதைந்த வயல்சுவர்கள் ஓடும் தடத்தைக் கண்டுபிடித்தார். அப்பா சொன்னதைக் காதில் போட்டுக்கொண்ட மகன்!

அன்று சாயங்காலம் நான் தங்கிய வீட்டுக்காரப் பெரியவர் ஜன்னலோரம் நின்று எதிரே தெரிந்த வயல்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார். கொல்லன் வயல், விதவை வயல், மழைத்தண்ணி வடியாத ஒன்றுக்கு வாயில் நுழையாத ஐரிஷ் பெயர். பதினேழு பெயர், அத்தனையும் என் நோட்டில் இருக்கிறது. அவர் பெயர் இல்லை. காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். காலையில் பஸ்ஸுக்கு ஓடினேன். இரண்டு வருடம் கழித்து அந்த வீட்டுக்கு எழுதினேன். வீடு கைமாறிவிட்டது, புது ஆட்களுக்கு அவரைத் தெரியவில்லை. வயல் பெயரைச் சொன்னாலும் அவர்களுக்குப் புரியவில்லை. அந்தப் பதினேழையும் இன்றுவரை நான் எங்கும் எழுதவில்லை. யார் சொன்னது என்று கேட்டால் 'நீலக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார்' என்றா சொல்வது?

உங்களுக்கு அந்த மாதிரி ஆள் வாராவாரம் செவ்வாய்க்கிழமை வந்து உட்காருகிறார். நீங்கள் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். எட்டு வருடம் அந்தக் குளிரில் தனியாக இருந்தும், கூப்பிட்டவர்களுக்கு ஓடிப்போய் உதவுகிற பெண் நீங்கள். அதனால்தான் உரிமையோடு திட்டுகிறேன் அம்மா.

ஸ்கேன் தெளிவு பற்றி அங்கே இருக்கிற எந்த நூலகரும் சொல்வார். இந்தச் செவ்வாய் ஸ்கேனரைத் திறக்காதீர்கள். அவர் சம்மதித்தால் போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். முதல் கேள்வி அவர் பெயர், பிறந்த வருடம், பிறந்த வீடு. படத்துக்குப் பின்னால் எழுதுவதானால் மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.