வாசகர் கேள்வி-பதில்: சாமியார் மாறினால் பங்கு படுத்துவிடுமா?

போன இதழில் பங்கு வாழ்க்கையைப் பற்றி, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்க மக்களின் கூட்டு வாழ்க்கையைப் பற்றி, கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்ததில் பாதி சாமியார்கள் (பங்குத்தந்தைகள்) மேல் புகார். ஊர் பேர், ஆள் பேர் எல்லாம் போட்டு எழுதியிருக்கிறீர்கள், நமக்கு எதற்கு வம்பு. மீதியிலிருந்து சில.

கேள்வி: எங்கள் பங்கில் அருமையான சாமியார் ஒருவர் இருந்தார். மறைக்கல்வி, இளைஞர் குழு, வீடு சந்திப்பு என்று எல்லாம் ஜோராக ஓடியது. மே மாதம் மாற்றல் வந்தது. ஆறே மாதத்தில் எல்லாம் படுத்துவிட்டது. நல்லவர்களை ஏன்தான் மாற்றுகிறார்களோ? – வாசகி, மார்த்தாண்டம்

பதில்: மாற்றத்தான் செய்வார்கள். பங்குத்தந்தை ஓரிடத்தில் நிலையாக இருக்க வேண்டும் என்றுதான் திருச்சபைச் சட்டம் 522 சொல்கிறது. நாட்டின் ஆயர்கள் (பிஷப்புகள்) சேர்ந்த ஆயர் பேரவை அனுமதித்தால் குறிப்பிட்ட காலத்துக்கும் நியமிக்கலாம் என்று அதிலேயே வழியும் வைத்திருக்கிறது. நம் மறைமாவட்டங்களில் சில வருடத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் மே ஜூனில், பெட்டி கட்டச் சொல்லிவிடுகிறார்கள். அது நம் கையில் இல்லை.

நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த நல்லவர் இருந்த காலத்தில் அவர் தலையிடாமல் நடந்த காரியம் ஒன்று சொல்லுங்கள். மறைக்கல்விக்கு யார் எந்த வகுப்பு என்று அவர்தான் போட்டார், நோயாளிகள் பட்டியல் அவர் தலைக்குள் இருந்தது, இளைஞர் கூட்டத்துக்குப் பையன்களை அவரே போன் போட்டுக் கூப்பிட்டார் என்றால், அவர் வண்டி ஏறியதும் அதெல்லாம் கூடவே ஏறிப் போகத்தான் செய்யும். பங்கு செழிப்பாக இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டுமென்றால், சாமியார் மாறி ஒரு வருடம் கழித்து அந்த ஊருக்குப் போய்ப் பார்ப்பேன்.

புனித பிரான்சிஸ் சவேரியார் 1542 கடைசியில் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்தார். ஆள் ஒருவர், ஊரோ கடற்கரை நெடுக. ஒவ்வொரு ஊரிலும் பிள்ளைகளைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுக்க, சாகக் கிடக்கிற குழந்தைக்கு ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்ற, உள்ளூர் ஆள் ஒருவரை வைத்துவிட்டு அடுத்த ஊருக்கு நடந்தார். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க, போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இங்கே வசூலான பணத்தைக் கேட்டு வாங்கினார் என்பது கூடுதல் தகவல். பிறகு 1773இல் பாப்பரசர், சவேரியாரின் துறவற சபையான இயேசு சபையையே கலைத்துவிட்டார். பிரெஞ்சு இயேசு சபையார் தமிழ்நாட்டில் தங்கள் பணித்தளமான மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தது 1838இல். இடைப்பட்ட அறுபத்துச் சொச்சம் வருடம் பல ஊர்களில் சாமியார் முகத்தைப் பார்ப்பதே அரிது. கோயிலைத் திறந்து விளக்கேற்றி, செபம் சொல்லி, பிரேதத்தை அடக்கம் செய்து ஊரை ஊராக வைத்திருந்தவர்கள் செபம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்களும் கோயிலைப் பார்த்துக்கொண்ட கோயில்பிள்ளைகளும்தான். (அந்தப் பெரியவர்களில் சிலர் கோயிலைத் தங்கள் குடும்பச் சொத்தாக்கிக் கொண்டதும் நடந்தது, மறுக்கவில்லை.)

கடற்கரைப் பங்கு ஒன்றில் சக்ரீஸ்து (பூசை உடை, பாத்திரம் வைக்கும் அறை) அலமாரிக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு பார்த்தேன். தெருவாரியாக நோயாளிகள். பேருக்கு எதிரே பேனாவில் குறிப்பு: 'நடக்க முடியாது. மருமகள் வேலைக்குப் போய்விடும், பத்து மணிக்கு மேல் போகவும்.' இன்னொன்று: 'காது கேட்காது, இடது பக்கம் உட்கார்ந்து பேசவும்.' கையெழுத்து நாலைந்து விதம். எழுதியது எந்தச் சாமியாரும் இல்லை, மரியாயின் சேனை என்ற பக்த சபைப் பெண்கள். புதுச் சாமியார் வந்தால் அவர் கையில் முதலில் இதைத்தான் கொடுப்பார்களாம். உங்கள் பங்கில் அந்த நோட்டு உண்டா?

கேள்வி: பத்து நாள் திருவிழா அமோகம். சாதாரண ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பாதி பெஞ்சு காலி. இது வளர்கிற பங்கா, தேய்கிற பங்கா? – வாசகர், தூத்துக்குடி

பதில்: திருவிழாவைத் திட்டுவது இப்போது ஒரு நாகரிகம். நான் அந்தக் கட்சி இல்லை. துபாயிலும் சென்னையிலும் கிடக்கிற பிள்ளைகள் கொடியேற்றத்துக்கு லீவு போட்டு வருகிறார்கள், பேசாமல் இருந்த அண்ணன் தம்பி அசனப் பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்கிறார்கள், சப்பரம் தூக்க வேற்று மதத்துப் பையன்களும் தோள் கொடுக்கிறார்கள். இதைச் சும்மா விலைக்கு வாங்க முடியாது.

ஆனால் திருவிழாக் குழு வருடத்துக்கு ஆறு மாதம் கூடி, பங்குப் பேரவை (பங்கு மக்களின் ஆலோசனைக் குழு) வருடத்துக்கு இரண்டு தடவை கூடினால், அந்தப் பங்கில் என்ன முக்கியம் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலிப் பெஞ்சைப் பொறுத்தவரை, காலியாக இருக்கிறது என்பதை விட்டுவிட்டு யாருடைய இடம் காலி என்று பாருங்கள். அது தெரிந்த ஒருவர் கோயிலில் இருந்தால் திங்கட்கிழமை ஒரு போன் போகும்.

கேள்வி: மாதம் ஒருமுறை அன்பியம் (பக்கத்து வீட்டுக் குடும்பங்களின் சிறு குழு) கூடுகிறோம். ஜெபமாலை, ஒரு வாசகம், பாட்டு, டீ, சுண்டல், அடுத்த மாதம் யார் வீடு என்று ஒரு வாக்குவாதம். இதற்குக் கூடத்தான் வேண்டுமா? – வாசகர், திருச்சி

பதில்: சுண்டலைக் குறை சொல்லாதீர்கள், அது இல்லாவிட்டால் கூட்டமே கிடையாது.

லத்தீன் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் சாமியார்கள் போதாத இடங்களில் வளர்ந்த சிறு சமூகங்கள்தான் நம் அன்பியத்துக்கு முன்னோடி. ஆசிய ஆயர்கள் 1990இல் பாண்டுங்கில் கூடி அதை ஏற்றுக்கொண்டார்கள், இந்திய ஆயர்கள் 1992இல் புனேயில் கூடிய போது எல்லா மறைமாவட்டத்திலும் கொண்டுவரச் சொன்னார்கள். நாம் நடத்துகிற ஏழு படி நற்செய்திப் பகிர்வு தென்னாப்பிரிக்காவின் லும்கோ பயிற்சி நிலையம் உருவாக்கியது. ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனதில் பட்ட சொல்லைத் திரும்பச் சொல்வது, மௌனம், பகிர்வு, ஆறாவதாக நம் தெருவில் நாம் என்ன செய்யப் போகிறோம் என்று பேசி முடிவெடுப்பது, ஏழாவதாகச் சொந்த வார்த்தையில் செபம்.

நான் போன அன்பியங்களில் ஆறாவது படி வரும்போது மணி எட்டரை ஆகியிருக்கும், வீட்டுக்கார அம்மா டீ போட எழுந்து போயிருப்பார், வழிநடத்துகிறவர் 'சரி, எல்லாரும் அன்பாக இருப்போம்' என்று சொல்லி ஏழாவதுக்குத் தாவிவிடுவார். கூட்டத்தின் உயிரே அந்தப் படியில்தான் இருக்கிறது. கடைசி வீட்டுப் பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை நின்றுபோயிருக்கிறது, ஆதாரில் ஏதோ சிக்கல் என்று அலைக்கழிக்கிறார்கள், செவ்வாய்க்கிழமை யார் அவரைக் கூட்டிக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போவது? இதைத் தீர்மானித்து ஒரு பேரை நோட்டில் எழுதிவிட்டு, அடுத்த மாதம் 'போனீர்களா, என்ன ஆச்சு?' என்று கேட்டால் போதும். நாலு மாதம் இப்படி நடத்திப் பாருங்கள். ஆட்கள் குறைந்தால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: பங்கில் கணக்குக் கேட்டால் 'கோயில் காரியத்தில் கணக்கு பார்க்கலாமா' என்று முகம் சுளிக்கிறார்கள். கேட்பது தப்பா? – பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: தப்பே இல்லை. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் 1287. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே தீர வேண்டும் என்பது 537. பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமைதான், அதை அமைப்பதும் இதுவரை அந்தந்த ஆயர் விருப்பம். உரோமையில் 2024 அக்டோபரில் முடிந்த ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணம் இந்த மாதிரி அமைப்புகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்கிறது. அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள், உதவும்.

நல்ல கணக்குத் தாள் எப்படி இருக்கும்? ஒரே பக்கம், கோயில் முகப்புப் பலகையில், கண்ணாடி போடாமல் படிக்கிற எழுத்தில். வரவுப் பக்கம் உண்டியல், தலைக்கட்டு வரி, மண்டப வாடகை, நன்கொடை. செலவுப் பக்கம் கரண்ட் பில், கோயில்பிள்ளை சம்பளம், பூ, பந்தல், பட்டாசு, மருத்துவ உதவி. பட்டாசும் மருத்துவ உதவியும் மேலும் கீழுமாக ஒரே தாளில் வந்துவிட்டால், அடுத்த வருடப் பேரவையில் யாரும் பிரசங்கம் வைக்க வேண்டியிருக்காது, எண்களே பேசிக்கொள்ளும்.

பூசைக் கருத்துக்கு (நம் வேண்டுதலுக்காகப் பூசை வைக்கக் கேட்பதற்கு) ரேட் போர்டு வைப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வத்திக்கான் 2020 ஜூலையில் பங்குகளைப் பற்றி வெளியிட்ட அறிவுரையிலேயே, அந்தக் காணிக்கை மனமுவந்து கொடுப்பது, அதை விலை மாதிரியோ வரி மாதிரியோ ஆக்கக் கூடாது என்று இருக்கிறது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: ஞாயிற்றுக்கிழமையும் கடன் திருநாள்களிலும் (கட்டாயம் பூசைக்குப் போக வேண்டிய திருநாள்கள்) பங்குத்தந்தை ஒரு பூசையைப் பங்கு மக்கள் எல்லாருக்காகவும் ஒப்புக்கொடுத்தாக வேண்டும், சட்டம் 534. காசு கொடுத்தவர், கொடுக்காதவர், கோயில் பக்கமே வராதவர் எல்லாரும் அதில் அடக்கம்.

கேள்வி: எங்கள் ஊரில் கோயில் ஒன்று, கல்லறை இரண்டு. சப்பரம் எங்கள் தெருவுக்குள் வராது. மறைமாவட்ட மலரில் 'துடிப்பான பங்கு' என்று எங்கள் பங்கைப் பற்றிக் கட்டுரை வந்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா? – வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: கட்டுரை எழுதியவர் உங்கள் தெருப்பக்கம் வந்திருக்க மாட்டார்.

இந்தச் சாதிப் பிரிவினை இன்று நேற்றுக் கதை இல்லை. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் கோயில் கட்டும்போதே இரண்டு சாதிக்கும் தனித்தனிப் பகுதியாக, நடுவே தடுப்பு வைத்துக் கட்டினார்கள். பீடம் ஒன்று, மக்கள் நிற்கிற இடம் இரண்டு. அந்தத் தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். சாதியைக் காட்டிக் கோயிலுக்குள் தனியிடம் கேட்க உரிமை கிடையாது என்று தீர்ப்பானது. உங்கள் பக்கத்திலேயே எறையூரில் 2008இல் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்ட விவகாரம் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூடு வரை போனது.

அன்பியம், மறைக்கல்வி, கணக்கு என்று மேலே நான் எழுதியதெல்லாம் இருந்தும், செத்த பிறகு பக்கத்தில் படுக்க மாட்டோம் என்கிற ஊரில் பங்கு இன்னும் பிறக்கவே இல்லை என்பதுதான் என் அபிப்பிராயம். கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். 'மக்கள் மனம் மாறட்டும், காத்திருப்போம்' என்பவர்களிடம் வடக்கன்குளத்தைச் சொல்லுங்கள். மனம் மாறிய பிறகு அங்கே யாரும் தடுப்பை இடிக்கவில்லை, இடித்துவிட்டுத்தான் கோர்ட்டுக்குப் போய் நின்றார்கள். நல்லடக்கத்துக்கு ஒரே வண்டி, ஒரே பாதை, ஒரே கல்லறை என்பதைப் பங்குத்தந்தை தனியாகச் செய்யவும் முடியாது. ஆயர் பின்னால் நிற்க வேண்டும். எழுத்தில் கேளுங்கள், ஒருவர் கையெழுத்தாக வேண்டாம், தெருவே சேர்ந்து போடுங்கள்.

கேள்வி: உறுதிபூசுதல் முடிந்ததும் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். பாடகர் குழுவுக்கு டிரம்ஸ், நல்ல கீபோர்டு வாங்கினால் நிற்பார்களா? – பாடகர் குழு அங்கத்தினர், கோவை

பதில்: ஸ்பீக்கர் சத்தம் கூடும். பத்தாம் வகுப்புப் பையனிடம் பெஞ்சு தூக்குகிற வேலையும் கொடி கட்டுகிற வேலையும் மட்டும் கொடுத்துவிட்டு, 'இளைஞர்கள்தான் நாளைய திருச்சபை' என்று மைக்கில் சொன்னால் அவன் நாளைக்கு வரலாம் என்று போய்விடுகிறான். பேரவையில் இரண்டு இடம் கொடுங்கள். வின்சென்ட் தே பவுல் சபையார் ஏழை வீட்டுக்குப் போகும்போது கூடக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். அந்தச் சபையை 1833இல் பாரிசில் தொடங்கிய ஓசானாமுக்கு அப்போது வயது இருபதுதான், அவரும் கூட்டாளிகளும் காலேஜ் மாணவர்கள். இன்று நம் ஊரில் அதே சபையின் கூட்டத்துக்குப் போனால் பென்ஷன் வாங்காதவர் யாராவது இருக்கிறார்களா என்று தேட வேண்டியிருக்கிறது.

கீபோர்டு வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொரோனா காலத்திலிருந்து யூடியூபில்தான் பூசை பார்க்கிறேன். பிரசங்கமும் நன்றாக இருக்கிறது. பங்கு எதற்கு? – வாசகி, சேலம்

பதில்: படுக்கையில் இருப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல். மற்றபடி, வீட்டில் ஒரு துக்கம் என்றால் யூடியூப் சாமியார் வர மாட்டார், பெஞ்சு போடவும் காப்பி கொடுக்கவும் சப்ஸ்கிரைபர்கள் வர மாட்டார்கள். நல்ல பிரசங்கத்தை சனிக்கிழமை ராத்திரி கேட்டுவிட்டு ஞாயிறு காலை கோயிலுக்குப் போங்கள்.

கேள்வி: வேலைக்காகச் சென்னைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஞாயிறு தவறாமல் போகிறோம். இதுவரை ஒருவர்கூட 'நீங்கள் யார், எந்த ஊர்?' என்று கேட்டதில்லை. ஊர்ப் பங்கிலேயே பேரை வைத்துக்கொள்ளலாமா? – வாசகர், தாம்பரம்

பதில்: கேட்காதது அவர்கள் குறைதான். ஐந்து பூசை நடக்கிற நகரப் பங்கில் ஒரு பூசைக் கூட்டம் வெளியே வருவதற்குள் அடுத்த பூசைக் கூட்டம் வண்டியை நிறுத்த இடம் தேடுகிறது, யார் யாரிடம் நின்று பேசுவது? வாசலில் இரண்டு பேரை, புது முகம் பார்த்துப் பேசுவதற்கென்றே நிறுத்துகிற பங்குகள் இருக்கின்றன. ஒன்றும் செலவில்லை.

ஆனால் பேரை ஊரிலேயே வைத்துக்கொள்வது சரிவராது. குடியிருக்கிற இடம்தான் பங்கு, சட்டம் அப்படித்தான். நம் ஆட்கள் பலர் பிள்ளைக்கு ஞானஸ்நானம், தங்கைக்குக் கல்யாண ஓலை, அப்பாவுக்கு அடக்கம் என்று வரும்போதுதான் பங்கு அலுவலக வாசலில் போய் நிற்பார்கள். அங்கே 'உங்கள் பேரே பதிவேட்டில் இல்லையே' என்பார்கள், அப்புறம் ஊருக்குப் போன் போட்டுக் கடிதம் வாங்கி, கூரியருக்குக் காத்திருந்து, ஒரே டென்ஷன்.

அதனால் இந்த வாரமே குடும்பப் பதிவு செய்துவிடுங்கள். ஊர்ப் பங்கிலிருந்து ஒரு கடிதம், திருமணச் சான்று, பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்று கையில் இருக்கட்டும். பதியும்போதே உங்கள் தெரு எந்த அன்பியம், பொறுப்பாளர் நம்பர் என்ன என்று கேட்டு வாங்கி நீங்களே கூப்பிடுங்கள். வாசகம் வாசிப்பீர்கள் என்றால் அதையும் சொல்லிவையுங்கள், எல்லாப் பங்கிலும் ஆறு மணிப் பூசைக்கு வாசகர் தட்டுப்பாடுதான். திங்கட்கிழமை போகாதீர்கள், பல பங்குகளில் அன்றைக்கு அலுவலகம் லீவு.