சரக்கு என் நாட்டுக்குள் வராவிட்டாலும் ஆயுதத் தரகுக்கு உரிமம் தேவையா?

கேள்வி: நான் இயந்திர உதிரிபாகங்களுக்கான கமிஷன் ஏஜென்ட். வெளிநாட்டுத் துப்பாக்கி உற்பத்தியாளர் ஒருவரை வேறொரு நாட்டு நிறுவனத்துக்கு அறிமுகப்படுத்தினால் கமிஷன் தருவதாகச் சொல்கிறார்கள். சரக்கு என் நாட்டுக்கு வராது. விலைப்பணமும் என் கைக்கு வராது. இதற்கும் அனுமதி வேண்டுமா?

பதில்: வேண்டும் என்றே எடுத்துக்கொண்டு, உங்கள் நாட்டில் ஆயுத ஏற்றுமதி உரிமம் வழங்கும் அதிகாரியிடமிருந்து எழுத்துமூலம் பதில் வரும்வரை இப்பேச்சைத் தொடராதீர்கள். சரக்கைத் தொடவில்லை என்பதை நீங்கள் பாதுகாப்பாகக் கருதுகிறீர்கள். ஏற்றுமதிச் சட்டத்தில் சிக்காத அந்த இடைவெளியை அடைக்கவே பல நாடுகள் தரகுக்குத் தனிச் சட்டம் இயற்றின. இரு தரப்பையும் இணைத்து, பரிமாற்றத்துக்கு ஏற்பாடு செய்து, அதற்காகப் பணமோ வேறு ஆதாயமோ பெறுபவரே தரகர் என்று ஐ.நா. அரசு வல்லுநர் குழு 2007-இல் விளக்கியது. உங்கள் கமிஷன் அதற்குள் அடங்கும்.

2014 டிசம்பர் 24 முதல் நடைமுறையிலுள்ள ஆயுத வணிக உடன்படிக்கையின் 10-ஆவது பிரிவு, தம் அதிகார வரம்புக்குள் நடக்கும் தரகை ஒழுங்குபடுத்த உறுப்பு நாடுகளைக் கடமைப்படுத்துகிறது. ஆனால் பதிவா, எழுத்துமூல அனுமதியா என்பதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கே விட்டுவிடுகிறது. ஆகவே நீங்கள் எந்த நாட்டில் இருந்து பேசுகிறீர்கள் என்பதோடு, எந்த நாட்டுக் குடிமகன் என்பதும் முக்கியம். பிரிட்டனின் 2008-ஆம் ஆண்டு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு ஆணை, சிறு ஆயுதங்களைப் பொறுத்தவரை, தன் குடிமக்கள் உலகின் எந்த மூலையில் இருந்து தரகு செய்தாலும் பொருந்தும். அமெரிக்கச் சட்டமும் தன் குடிமக்களை அவ்வாறே பின்தொடர்கிறது. குடியுரிமை ஒரு நாட்டிலும் வசிப்பிடம் இன்னொரு நாட்டிலும் இருந்தால், இரண்டு உரிமங்கள் தேவைப்படலாம்.

விண்ணப்பிக்கும்போது கமிஷன் தொகையை மறைக்காதீர்கள். ஆயுதத்தைக் கடைசியில் யார் பயன்படுத்துவார் என்று உறுதியளிக்கும் இறுதிப் பயனர் சான்றிதழின் நகலை மட்டும் நம்புவதும் ஆபத்து. போலிச் சான்றிதழ்களின் வழியாகவும் ஆயுதங்கள் தடைவிதிக்கப்பட்ட போர்க்களங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. சான்றிதழை வழங்கியதாகச் சொல்லப்படும் அரசு அலுவலகமே அதை உறுதிசெய்ய வேண்டும் என்று கோருங்கள்.

ஏற்கெனவே அறிமுகம் செய்துவிட்டீர்கள் என்றால், ஒரு கடிதத்தையும் அழிக்காமல், அத்துறை வழக்கறிஞர் மூலம் நீங்களே முன்வந்து அதிகாரியிடம் தெரிவியுங்கள். பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் நடவடிக்கையைத் தீர்மானிக்கும்போது அது உங்களுக்குச் சாதகமாகக் கருதப்படக்கூடும்.