பிறப்பால் வரும் மனசக்தி

கேள்வி: பழைய அமெரிக்க அறிவியல் புனைகதைகளில் மனிதர்கள் மனதாலேயே பேசுகிறார்கள், பொருள்களை நகர்த்துகிறார்கள். சிறுவயதில் ரசித்துப் படித்த அந்தக் கற்பனையில் இனவாதத்தைத் தேடுவது வேண்டாத வேலை இல்லையா?

பதில்: வேண்டிய வேலைதான். அந்தச் சக்தி யாருக்குக் கிடைக்கிறது, எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் படித்தோ பழகியோ அல்ல; பிறப்பால்.

இ. இ. ஸ்மித்தின் லென்ஸ்மேன் கதைகளில் அரீசியர்கள் என்ற வேற்றுலகத்தார் பூமியில் இரண்டு வம்சங்களைத் தேர்ந்து, ஒன்றோடொன்று கலக்காமல் தலைமுறை தலைமுறையாக வளர்க்கிறார்கள். ஒரு வம்சத்தின் அடையாளம் செம்பட்டை முடியும் பொன்புள்ளி தெறித்த கண்களும். கடைசியில் இரு வம்சத்தாரும் மணந்து பெறும் ஐந்து பிள்ளைகளுக்கு எல்லாரையும் மிஞ்சிய மன ஆற்றல். காளையையும் பசுவையும் தேர்ந்து சேர்ப்பதுபோல மனிதர்களைச் சேர்க்கிறார்கள்; கதை அதைக் கொண்டாடுகிறது. இந்தப் பகுதி தொடராக வந்தது 1947-48இல். நாஜிகள் வீழ்ந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. அமெரிக்காவிலேயே 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள், ‘தகுதியற்றவர்கள்’ பிள்ளை பெறக்கூடாது என்று கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியிருந்தன. பிறப்பைக் கொண்டு மனிதரை அளப்பதன் கொடுமையை நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தொடரை வெளியிட்ட ‘அஸ்டவுண்டிங்’ இதழின் ஆசிரியர் ஜான் டபிள்யூ. கேம்ப்பெல். டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் நடத்திய சீட்டுச் சோதனைகள் அவரை ஈர்த்தன. மறைத்து வைத்த சீட்டில் என்ன சின்னம் என்று மனதாலேயே அறிந்து சொல்ல வேண்டும். 25 சீட்டு, ஐந்து சின்னம். குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக ஐந்து சரியாக வரும். 1950களில் மனசக்திக் கதைகளை எழுத்தாளர்களிடம் கேட்டு வாங்கிப் போட்டார். அதே கையால் இனப் பிரிவினைக்கு வக்காலத்து வாங்கித் தலையங்கமும் எழுதினார்.

வான் வோக்டின் ‘ஸ்லான்’ கதையில் மனம் படிப்பவர்கள்தானே வேட்டையாடப்படுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கும் சாதாரண மனிதர்கள் மெல்ல அழிய, உயர்பிறப்பினர் உலகை ஆள வருகிறார்கள். 1940களில் அதைப் படித்த ரசிகர்கள், தலையில் உணர்கொம்பு முளைத்த அந்தப் பாத்திரங்களோடு ஒன்றிப்போய், ‘நாம்தான் ஸ்லான்கள்’ என்று பெருமை பேசினார்கள்.

தன் இதழின் வாசகர்களைக் காரணம் காட்டித்தான் 1967இல் கறுப்பின எழுத்தாளர் சாமுவேல் டிலேனியின் ‘நோவா’வைக் கேம்ப்பெல் தொடராகப் போட மறுத்தார். நாயகன் கறுப்பராக இருந்தால் தன் வாசகர்களால் ஒன்ற முடியாது என்றாராம், டிலேனியே எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டு அந்த நாவல் புத்தகமாக வந்தது. நீங்கள் ரசித்த புத்தகங்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அவற்றின் பக்கத்தில் இதையும் வைத்துப் படியுங்கள்.